மருதமுத்து குதித்த படம்

1

நம் பத்திரிகை ஆசிரியர் சென்ற மாதம் ஒரு வேண்டுகோள் அனுப்பியிருந்தார். கண்டியைப் பற்றி இத்தனை குறிப்பு எழுதுகிறீரே, அந்த ஊர்க் காட்சிகளில் நாலு படம் அனுப்பக் கூடாதா, அச்சுக்கட்டை செய்து போடலாமே என்று. கேட்டது நியாயம்தான். என்னிடம் கமரா இருப்பதை நானே முன்பொரு முறை பெருமையடித்துத் தொலைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அலுமாரியின் மேல்தட்டிலிருந்து பிஸ்கட் தகரத்தை இறக்கிப் பாயில் கவிழ்த்தேன். வெளியே மழை. கண்டியில் மழை பெய்யும்போது மலைகள் ஒவ்வொன்றாக எழுந்து வீட்டுக்குப் போய்விடும். மழை விட்டதும் ஒன்றும் நடக்காதது போலத் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும். படங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன்.

ஒரு யானையின் பின்பாதி. பகல் பெரஹரா ஊர்வலத்தில் எடுத்தது. முன்பாதிக்கு என்னைவிட அவசரம்.

வாவிக்கரை. ஆனால் வாவியும் இல்லை, கரையும் இல்லை. கண்ணாடியை மறைத்த என் கட்டைவிரல் மட்டும் அந்திநேர மலை மாதிரி எழுந்து நிற்கிறது.

என் மனைவி ஞானம்மா, கழுத்து வரையில். "முகந்தான் விழலை, சேலை நல்லா விழுந்திருக்கு" என்று அவள் அன்றே பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டாள்.

கடைசியில், புசல்லாவை மலையில் எடுத்த ஒரு முழு வெள்ளைத் தாள். அது பனியா பழுதா என்று இன்று வரையில் எனக்குத் தெரியாது. என் மகள் ரோசம்மா அதைத்தான் கையில் எடுத்து, "இதுதான் ஹொந்தாய், அப்பா" என்றாள். சிங்களத்தில் நல்லது என்று பொருள். தமிழில் ஆரம்பித்து, சிங்களத்தில் ரசித்து, இங்கிலீஷில் எண்ணிப் பார்த்துத் தகரத்தில் போட்டாள்.

ஆகவே, ஆசிரியரே, அச்சுக்கட்டைக்கு உதவும் படம் என்னிடம் ஒன்றுமில்லை. எங்கள் கமரா எடுத்ததிலேயே பயன்பட்ட படம் ஒன்றுதான். அதுவும் இப்போது என் கையில் இல்லை. அதன் கதையை எழுதுகிறேன். படம் இருக்க வேண்டிய இடத்தில் இதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

2

கமரா எங்கள் தலையில் விழுந்தது ஒரு கதிரையினால். கதிரை என்றால் நாற்காலி. நான் இங்கே வந்த புதிதில் தச்சுக்கடையில் போய் நாற்காலி கேட்க, கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நிக்கிறீங்களே, இருங்க" என்று ஒன்றை இழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போய், நாற்காலி என்றால் என்னவென்று வேறு யாரையோ கேட்டுக்கொண்டு வந்தார்.

ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தோட்டத்துத் துரை சீமைக்குத் திரும்பும்போது வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டார். தோட்டங்களுக்கு இரும்புச் சாமான் அனுப்பும் கடையில் கணக்கு எழுதும் நானும், ரயில் நிலையத்தில் சாமான் பதியும் என் சிநேகிதன் கனகசபையும், ஆளுக்கொரு கதிரை வாங்கலாமென்று போனோம். கதிரைகள் எங்களை விட்டு மேலே மேலே ஏறிப் போயின. யாரும் கேட்காத ஒரு கறுப்புப் பெட்டி மட்டும் மிஞ்சியது.

"எடுப்பமே, ஐசே?" என்றான் கனகசபை. அவன் யாழ்ப்பாணத்தான். "பாதி உமக்கு, பாதி எனக்கு."

"பெட்டியைப் பாதியாக வெட்டவா முடியும்?"

"ஒரு கிழமை நீர் வைத்திரும், ஒரு கிழமை நான். பிழைச்ச படமெல்லாம் உம்மட கிழமையில எடுத்தது எண்டு எழுதி வைப்பம்."

அவன் பேச்சில் கிழமை என்றால் வாரம்; பிழைச்சது என்றால் பழுதானது. நம் ஊரில் இருந்தால் இந்தப் பெட்டி நம் அர்த்தத்திலேயே பிழைத்துப் போயிருக்கும். திருச்சிராப்பள்ளிப் பக்கத்து வெயிலில் கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினாலும் ஏதோ ஒன்று பதியும். அங்கே வெளிச்சம் கேட்காமலே வந்து மடியில் உட்காரும். கண்டியில் அது விருந்தாளி. வருகிறேன் என்று மலைக்கு அப்பாலிருந்து தலையைக் காட்டும். நாம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடுவதற்குள், இன்னொரு நாள் பார்க்கலாம் என்று போய்விடும்.

3

மருதமுத்துவை எனக்குக் கலஹாத் தோட்டத்தில் பழக்கம். கடைச் சாமானோடு மாதம் ஒரு தடவை அங்கே போவேன். எங்கள் ஊர்ப் பக்கத்து ஆள், இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும், ஓயாமல் பேசுவான். கவ்வாத்துக் கத்தியால் தேயிலைச் செடிகளை வெட்டிக்கொண்டே அவற்றோடும் பேசுவான். ஊரில் அவனுக்கென்று மாமன் மகள் அஞ்சலை. பரிசம் போட்டாயிற்று. இரண்டு வருஷம் உழைத்துவிட்டுப் போய்த் தாலி கட்டுவதாக ஏற்பாடு.

தோட்டத்து ஆடித் திருவிழாவுக்கு நானும் கனகசபையும் கமராவோடு போனோம். "கிளாக்கரையா, என்னை ஒரு படம் புடிங்க. அஞ்சலைக்கு அனுப்பணும்" என்று மருதமுத்து வந்து நின்றான். அன்று பார்த்து அவனுக்குப் பல்வலி. மோவாயிலிருந்து உச்சந்தலை வரை வெள்ளைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தான். காவடி எடுத்தவனாகையால் கழுத்தில் மாலை; நெற்றி நிறைய விபூதி; நடுவில் காசளவு சந்தனப் பொட்டு.

"துணியை அவுத்துடேன்" என்றேன்.

"அவுத்தா தாடை தனியா வந்துடும் போல இருக்குங்க."

மரியாதையாக இருக்கட்டுமென்று கணக்கப்பிள்ளை வீட்டிலிருந்து ஒரு கதிரை வந்தது. வெயில் படம் எடுக்கிறவன் முதுகுப்பக்கம் இருக்க வேண்டும் என்பது கனகசபை எங்கோ படித்துவிட்டு வந்த சட்டம். ஆகவே வெயில் முழுவதும் மருதமுத்துவின் கண்ணில். விரதமும் வலியுமாகச் சரிந்தவனை இரண்டு பக்கமும் இரண்டு கூட்டாளிகள் தோளைப் பிடித்து நிமிர்த்தினார்கள். "ஆடாமல் இரும்! மூச்சு விடாதையும்!" என்று கனகசபை கத்தினான். மருதமுத்து கண்ணை மூடிக்கொண்டான். மூச்சும் விடவில்லை.

படம் வந்ததைப் பார்த்து நாங்கள் இருவரும் தெருவிலேயே கை குலுக்கிக்கொண்டோம். தலை வெட்டுப்படவில்லை. கோணலில்லை. விரல் இல்லை. எங்கள் வாழ்க்கையின் முதல் நல்ல படம். "நான் எடுத்தது" என்று கனகசபை ரயில் நிலையம் முழுவதும் காட்டினான். மருதமுத்துவுக்கும் தலைகால் புரியவில்லை. கூடவே ஒரு கடிதம் எழுதித் தரட்டுமா என்றேன். "படமே பேசுமுங்க, கடுதாசி எதுக்கு?" என்றான். பின்புறத்தில் 'மருதமுத்து, கலஹா' என்று மட்டும் அழகாக எழுதி அனுப்பினோம்.

4

படம் பேசத்தான் செய்தது.

ஐப்பசி மாதம். ஊருக்குப் போயிருந்த சின்னையா கங்காணி புது ஆட்களைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தார். கலஹா ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினவர், எதிரே கத்தியும் கையுமாக வந்த மருதமுத்துவைப் பார்த்ததும் பிடித்திருந்த குடையைக் கீழே போட்டுவிட்டு, புது ஆட்களுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். நான் அப்போது பக்கத்துத் தேநீர்க்கடையில் இருந்தேன்.

"கங்காணி மாமா! எப்ப வந்தீங்க? ஊருல எல்லாம் சொகந்தானே?"

"டேய்... கிட்ட வராதே. அங்கனயே நின்னு பேசு. உன் காலைக் காட்டு."

"காலா? என்னாத்துக்கு?"

"தரையில பாவுதான்னு பாக்கணும்டா! உன் பதினாறாம் நாளுக்கு வடை பாயசத்தோட சாப்பிட்டுட்டு வந்திருக்கேன்டா நான்!"

பிறகு தேநீர்க்கடைப் பலகையில் உட்கார்ந்து, மருதமுத்துவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி கங்காணி சொன்னார். மலைநாட்டில் ஒருவன் இறந்துபோனால், வந்து பார்க்க முடியாத உறவினருக்காக அவனைக் கதிரையில் உட்கார்த்தி, மாலை போட்டு, படம் பிடித்து அனுப்புவது நடப்புதானே. பிரேதத்துக்குத் தாடை விழாமல் துணிக்கட்டு. நெற்றியில் ஒரு காசு. நிமிர்த்திப் பிடிக்க இரண்டு பேர். எங்கள் படத்தில் ஒன்றாவது குறைந்திருக்க வேண்டுமே! பின்னால் பேர் மட்டும். கடிதம் கூட இல்லை. வேறென்ன நினைப்பார்கள்? ஊரே கூடி அழுது, எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டது.

மருதமுத்து முதலில் சிரித்தான். தன் சாவுக்கு யார் யார் எப்படி அழுதார்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டான். "பெரியம்மா அழுதாங்களா? அவங்க எனக்கு ஒரு வாய்த் தண்ணி குடுத்தவங்க இல்லியே!" என்று தொடையைத் தட்டினான்.

"சிரிக்காதே. அஞ்சலைக்கு வேற எடம் பாத்தாச்சு. வர்ற தையில கல்யாணம்."

அவன் சிரிப்பு பாதியில் நின்றது. அந்த முகத்தைக் கமரா இல்லாமலே என்னால் அழியாமல் பதித்துக்கொள்ள முடிந்தது.

5

புறப்பட்டுப் போய் நேரில் நிற்பதுதானே என்பீர்கள். கொழுந்து மண்டிக் கிடந்த பருவம். தை கழியட்டும், பிறகு பார்க்கலாம் என்று தோட்டத்தில் சொல்லிவிட்டார்கள்.

ஆகவே தந்தி. தபால் கந்தோரில் தந்தி வாங்குகிறவர் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு இங்கிலீஷில் கேட்டார்.

"அனுப்புகிறவர் பெயர்?"

"மருதமுத்து."

"செய்தி?"

"மருதமுத்து சாகவில்லை."

அவர் என்னையும் மருதமுத்துவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இதை இவர் நேரில் வந்து சொல்வது நல்லதுதான்" என்றார்.

நம் ஊரில் தந்தி வந்தால் என்ன நடக்கும் என்பதை இத்தனை வருஷத்தில் நான் மறந்தே போய்விட்டேன். தந்திச் சேவகனைத் தெருமுனையில் கண்டதுமே அந்த வீட்டுப் பெண்கள் மறுபடியும் மாரடித்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்களாம். அதை வாசிக்க இங்கிலீஷ் தெரிந்தவர் கிடைத்தபோது மாமன் சொல்லி அனுப்பியது இவ்வளவுதான்: தந்தி யாரும் அடிக்கலாம், படத்தைக் கண்ணால் பார்த்தோமே.

அதாவது, படத்தை இன்னொரு படத்தால்தான் அழிக்க முடியும்.

திருகோணமலை வீதியில் எங்கள் படங்களைக் கழுவித் தருகிற முஸ்லிம் கடைக்காரரான நானாவிடம் புதுச் சுருள் வாங்கப் போனோம். விஷயத்தைச் சொன்னதும் அவர் நாடியில் கை வைத்துக்கொண்டார். "அந்த மனுசன் உசுரோட ஈக்கிறாரா? அது மையத்துப் படமெண்டுதானே நானும் நெனச்சன்! பாவம், எளந்தாரிப் பொடியன் மவுத்தாப் போயிட்டானேண்டு ஒங்கள்ட்ட காசும் கொறச்சுத்தானே எடுத்தன்!"

"உவர் எடுத்த படம்" என்று கனகசபை உடனே என்னைக் கை காட்டினான்.

6

பிறகு வெயிலுக்காகக் காத்திருந்தோம். அந்த ஐப்பசி முழுவதும் கண்டி ஒரு நனைந்த கம்பளியாகக் கிடந்தது. காலையில் எழுந்ததும் ஜன்னலைத் திறந்து வானத்தைப் பார்ப்பேன். சாம்பல். கடைக்கு வாவியைச் சுற்றி நடக்கும்போது அண்ணாந்து பார்ப்பேன். சாம்பல். வாழ்நாளெல்லாம் வெயிலைத் திட்டிய திருச்சிராப்பள்ளிக்காரன் நான், ஒரு கீற்று வெயிலுக்காக மாதா கோயிலில் மெழுகுதிரி வைத்தேன். ஞானம்மா சிரித்தாள். "எனக்கும் வெயில் வேணும், துணி காய" என்று அவள் வேண்டுதல் வேறு.

ரோசம்மாவுக்கு மட்டும் இதெல்லாம் விளங்கவில்லை. "அஞ்சலை அக்கா இங்கே வரட்டுமே. ஊரில் என்ன இருக்கிறது?" என்றாள். அவளுக்கு ஊர் என்றால் நான் திட்டும்போதும் கனவு காணும்போதும் வாயில் வருகிற ஒரு சொல். அவ்வளவுதான். கலஹாவுக்குப் போய்விட்டுக் கண்டிக்குத் திரும்புகையில் "அப்பா, ஊர் வந்திட்டது!" என்று பஸ்ஸில் துள்ளுவாள். முதல் தடவை அதைக் கேட்டபோது எனக்கு எங்கோ சுருக்கென்றது. இப்போது நானும் அவளோடு சேர்ந்து எட்டிப் பார்க்கிறேன்.

கார்த்திகையில் ஒருநாள் வெயில் வந்தது. மாலையில்லை, பொட்டில்லை, கதிரையில்லை. மருதமுத்துவைத் தேயிலை நடுவே நிற்க வைத்து எடுத்தோம். நானா கழுவித் தந்ததைப் பார்த்தால், சுருளை நகர்த்தாமல் இரண்டு தடவை அமுக்கியிருக்கிறோம். முதலில் எடுத்த வெறுந் தேயிலைச் சரிவும் அவனும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, அவன் மார்பின் ஊடாகச் செடிகள் தெரிந்தன. கால்கள் புகை.

"உந்தப் படத்தை அனுப்பினால் திவசமும் செய்து போடுவினம்" என்றான் கனகசபை.

மறுபடி வெயிலுக்குக் காத்திருந்து மறுபடி போனோம். இந்தத் தடவை நான் சுருளை நகர்த்த, அவன் அதன் எண்ணைச் சரிபார்க்க, ஒவ்வொன்றாக எடுத்தோம். ஆனால் 'ஆடாதே' என்ற சொல் காதில் விழுந்ததும் மருதமுத்து விறைத்துவிடுவான். செடிகளோடு கூடப் பேசுகிறவன், பெட்டியைக் கண்டதும் உயிரை உள்ளே இழுத்துக்கொள்வான். சுருளில் ஒரே ஒரு படம் மிச்சம். அதற்கு நிற்கும்போது ஒரு அட்டை அவன் காலில் ஏறி, முழங்காலுக்கும் மேலே போய்க் கடித்திருக்கிறது.

"ஆத்தாடி!"

நான் அமுக்கிய அதே கணத்தில் அவன் தரையில் இல்லை.

நானாவின் கடை வாசலில் அத்தனை படங்களையும் பரப்பினோம். ஒன்று தவிர எல்லாவற்றிலும் ஊன்றிவைத்த கம்பம் மாதிரி நின்றான். கடைசிப் படத்தில் ஒரு கால் ஆகாயத்தில். கை விசிறியாக விரிந்து கலங்கியிருக்கிறது. முண்டாசு தலையை விட்டுத் தனியே பறக்கிறது. முகம் பாதி வாய், பாதி மின்னல்.

"இந்த முதற் படத்தை அனுப்புவம். நல்ல தெளிவு" என்றான் கனகசபை.

"அதுல நான் செத்துத்தான் போயிருக்கேன், ஐயா" என்றான் மருதமுத்து. குதிக்கிற படத்தை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டான். "இதை அனுப்புங்க."

"உந்தப் படத்தையோ! கண்டியில கமரா பிடிக்கத் தெரியாத ரெண்டு விசரர் இருக்கினம் எண்டு இந்தியா முழுக்கத் தெரிய வேணுமே? எங்கட மானம் என்னாகிறது?"

"உங்க மானத்தை நான் பெறகு வந்து ஒட்டித் தர்றேனுங்க. தை வருதுங்க."

கனகசபை ஒரு நீண்ட பெருமூச்சு விட்டான். பிறகு பின்புறத்தில் தன் அச்சுக் கையெழுத்தில் என் கடை விலாசத்தை எழுதினான். படம் எடுத்தவர் என்று என் பெயரையும் மறக்காமல் சேர்த்தான்.

7

பதில் வரவில்லை. மார்கழி பிறந்து, பனி வாவியின்மேல் கம்பளி விரித்துப் படுத்துக்கொண்டது. மருதமுத்து பேசுவதையே குறைத்துவிட்டான். கங்காணி கூட, "செத்தப்ப நல்லாத்தான்டா இருந்தே, இப்பத்தான் செத்தவன் மாதிரி இருக்கே" என்று தேற்றிப் பார்த்தார்.

ஒரு காலை, கடை திறந்த சிறிது நேரத்தில், வாசலில் ஒரு பெரியவரும் ஒரு பெண்ணும். தோளில் மூட்டை, கப்பல் உப்பும் ரயில் கரியும் படிந்த முகங்கள். பெரியவர் மடியிலிருந்து ஒரு படத்தை எடுத்து நீட்டினார்.

"இதைப் புடிச்ச ஐயா நீங்கதானா? இதுல குதிக்கிறவன் உசுரோட இருக்கானுங்களா?"

உயிரோடுதான் இருக்கிறான் என்றேன். உள்ளே இருந்து தண்ணீரும் கதிரையும் வந்தன. பெரியவர், அஞ்சலையின் அப்பா, உட்காரவில்லை.

"ஊருல பாதிப் பேரு இருக்கான்னாங்க. பாதிப் பேரு பேய் ஆடுதுன்னாங்க. மாப்பிள்ளை வீட்டுக்காரங்ககிட்ட தை பொறக்கிற வரைக்கும் தவணை கேட்டுட்டு வந்திருக்கேன். ஆளைக் கண்ணால காட்டிடுங்க, இல்லேன்னா தையில பேசின எடத்துலயே முடிச்சிடணும்."

"நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன்" என்றாள் அஞ்சலை. மெல்லிய குரல்தான், ஆனால் வழிவிடாத குரல். "செத்தவங்க இந்தக் குதி குதிப்பாங்களான்னு. ஒருத்தரும் பதில் சொல்லலை. அதான் வந்துட்டோம்."

ரயில் நிலையத்துக்குச் சொல்லி அனுப்பினேன். கனகசபை அரைநாள் லீவு போட்டுவிட்டுக் கமராவோடு ஓடிவந்தான். கலஹா பஸ்ஸில் நாலு பேரும் ஏறினோம். அன்று பார்த்து வெயில். வளைவுக்கு வளைவு மலைகள் தங்க ஜரிகையைத் தோளில் போட்டுக்கொண்டு எதிரே வந்தன. "இது ஒருக்காத்தான் கிடைக்கும், ஐசே. அவன் அவளைப் பாக்கிற முகம். பிழை விடாதையும்" என்று கனகசபை பெட்டியை என் மடியில் வைத்தான். சுருளை நகர்த்தினேன். எண்ணைப் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்தேன். விரலை ஓரமாக வைத்துக்கொண்டேன். இந்தத் தடவை எல்லாம் சரி.

கொழுந்து நிறுக்கிற இடத்தில் கூடைக்காரப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். சாக்கைத் தூக்கிக்கொண்டிருந்த மருதமுத்து திரும்பினான். சாக்கு கையிலிருந்து இறங்கியது. அவன் நின்றான்.

"அமுக்கும்! அமுக்குமன்!" என்று கனகசபை என் விலாவில் இடித்தான்.

நான் பெட்டியை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். விரல் அசையவில்லை. அந்தச் சின்னக் கண்ணாடியில் குனிந்து பார்க்கிற நேரம் எனக்கு வீணாகத் தெரிந்தது.

மருதமுத்து கண் இமைக்கவில்லை. கை விலாவோடு ஒட்டிக் கிடந்தது. அஞ்சலை மூட்டையைக் கீழே வைத்துவிட்டு அவனைச் சுற்றி ஒரு தடவை நடந்தாள். முன்னால் வந்து நின்றாள்.

"மூணு நாளு கப்பல்லயும் ரயில்லயும் வந்திருக்கேன். இப்ப எதுக்கு மறுபடியும் செத்தவராட்டம் நிக்கிறீங்க?"

அவன் அப்போதும் அசையவில்லை. அவள் கையை நீட்டி, அவன் மேல்கையில் நறுக்கென்று ஒரு கிள்ளு கிள்ளினாள். அவன் போட்ட சத்தத்தில் தராசுக்காரர் கணக்கு மறந்தார். கூடைக்காரப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். அவன் கையைத் தேய்த்துக்கொண்டே பேச ஆரம்பித்தான்: பிரயாணத்தைப் பற்றி, பெரியம்மா அழுததைப் பற்றி, பல்லைப் பிடுங்கியதைப் பற்றி, நிறுத்தாமல்.

பெரியவர் ஒரு கல்லில் உட்கார்ந்தார். வெற்றிலைப் பையை அவிழ்த்தார். சிறிது நேரம் அவனைப் பேசவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஆளு இருக்கான்" என்றார் என்னிடம். பிறகு பாக்கை வாயில் போட்டுக்கொண்டு, "இங்க கோயிலு எந்தப் பக்கமுங்க? தையிலயே வச்சுக்கலாம்" என்றார்.